17.9 மீட்டர் கட்டடம்: தீயணைப்புச் சான்று இல்லாத வீட்டை வாங்கலாமா?

வாடகைவீட்டுக்காரன் | 2 மார்ச் 2024

மேடவாக்கம் தாண்டி ஒரு புது அடுக்ககத்தில் வீடு பார்த்து வைத்திருக்கிறேன். கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்துமிடம், அதன் மேல் ஐந்து மாடி, மொத்தம் 40 வீடு. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். "உயரம் 17.9 மீட்டர்தான் சார். 18.30 தாண்டினால்தான் அந்தத் தொல்லை எல்லாம்" என்று சிரித்தார் விற்பனைக்காரர். அவர் சொன்னது உண்மையா? உண்மை என்றால் எனக்கு ஏன் வயிற்றைப் பிசைகிறது?

குழாய்க்காரன் | 2 மார்ச் 2024, இரவு

உண்மைதான். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் வரை உயரமான கட்டடம் ஆகாது. அதைத் தாண்டினால் வரைபடத்தோடு தீயணைப்புத் துறையிடம் போய் நிற்க வேண்டும். கட்டி முடித்த பின் அவர்கள் வந்து பார்த்து இணக்கச் சான்று தர வேண்டும். சுற்றிலும் ஏழு மீட்டராவது காலியாக விட வேண்டும். வாசலில் 12 மீட்டர் சாலையாவது வேண்டும். உங்கள் 17.9-க்கு இவை எதுவும் கிடையாது.

தீயணைப்புக் குழாய் போடும் ஒப்பந்தக்காரரிடம் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் சொல்கிறேன். பயப்படாமல் வாங்குங்கள்.

குழாய்க்காரன் | 3 மார்ச் 2024, காலை

நேற்றைய பதிவின் கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுதிவிட்டுப் படுத்தவனுக்கு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டிவிட்டது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. 2016 பதிப்பின் நான்காம் பகுதி முழுக்கத் தீயையும் உயிரையும் பற்றியதுதான். அந்தப் புத்தகத்தில் 15 மீட்டரைத் தொட்டாலே உயரமான கட்டடம். ஆனால் அது பரிந்துரை. மாநிலம் தன் விதியில் எதை எழுதிக்கொள்கிறதோ அதுதான் செல்லும். நம் மாநிலம் 18.30 என்று எழுதிக்கொண்டது. 2019-க்கு முன்னால் சென்னையில் நான்கு மாடி தாண்டினாலே எம்.எஸ்.பி., அதாவது பல மாடிக் கட்டடம், என்று தனி வரிசை. அந்த மூன்று எழுத்தைக் கேட்டாலே கட்டுநர்கள் ஒரு மாடியைக் குறைத்துக்கொள்வார்கள். ஆக, தம்பி பார்த்திருக்கும் வீடு டெல்லிப் புத்தகத்தில் உயரம், சென்னைப் புத்தகத்தில் குள்ளம், பத்து வருடத்துக்கு முன்னால் கட்டியிருந்தால் சென்னையிலும் உயரம்.

18.30 என்ற எண் எங்கிருந்து குதித்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 60 அடி. ஆறு தளம், தளத்துக்குப் பத்தடி. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

குழாய்க்காரன் | 3 மார்ச் 2024, மதியம்

"அப்படியானால் 18.30-க்கும் 17.9-க்கும் நடுவே மீதி 40 சென்டிமீட்டர் எங்கே போனது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் தலைக்கு மேலிருந்து எடுக்கப்பட்டது ஐயா. தளத்துக்கு இரண்டரை அங்குலம். மின்விசிறிக்கு அடியில் நின்று வேட்டியை உதறாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று: லிப்ட் அறையும் தண்ணீர்த் தொட்டியும் இந்த உயரத்தில் சேராது. எல்லாமே அப்படித்தான் என்று நினைத்து மொட்டை மாடியில் பிற்பாடு தகரக் கூரை போட்டு உடற்பயிற்சிக் கூடம் வைக்கும் சங்கத்துக்காரர்கள் 18.30-ஐத் தாண்டியது தெரியாமலே தாண்டியிருப்பார்கள்.

குழாய்க்காரன் | 9 மார்ச் 2024

தம்பி தனிச்செய்தியில் "சரி, போய்ப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது?" என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் ஆகும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மாதிரி வீட்டைப் பார்க்க வேண்டாம். அடுப்பங்கரையில் எந்தக் கம்பெனிக் குழாய் என்றும் பார்க்க வேண்டாம். நேராக மாடிப்படியின் அடிக்குப் போங்கள். படி இறங்கி வந்து சேரும் இடத்தில் என்ன இருக்கிறது?

இந்த அளவுக் கட்டடங்களில் பத்துக்கு எட்டில் நான் கண்டது இதுதான்: ஒரே ஒரு படிக்கட்டு. அதன் அடியில், வீணாகக் கிடக்கும் இடம்தானே என்று, நாற்பது வீட்டு மின் மீட்டர்களும் வரிசையாக மாட்டிய பலகை. மின்வாரியக் கம்பி வந்து விழும் பெட்டியும் அங்கேயே. அதற்கு எதிரே ஸ்கூட்டர்கள். ஸ்கூட்டர்களுக்குப் பக்கத்தில் யாரோ வீடு மாறும்போது விட்டுப்போன மெத்தை. கட்டடத்தில் தீப்பிடிக்க வாய்ப்புள்ள பொருள்கள் எல்லாவற்றையும் திரட்டி, தப்பிக்கும் ஒரே வழியின் வாயில் வைத்தாயிற்று. மீட்டர் பலகையில் பொறி கிளம்பினால் புகை எங்கே போகும்? படிக்கட்டு அடுப்புக்குப் புகைபோக்கி மாதிரி. ஐந்து நிமிடத்தில் ஐந்தாம் மாடியில் இருப்பவர் கதவைத் திறந்தால் கறுப்புச் சுவர் நிற்கும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மீட்டர்களைச் சுற்றுச்சுவர் ஓரமாகத் தனி அறையில் வைக்கலாம். வரைபடக் கட்டத்தில் ஒரு கோடு மாற்றம். கட்டி முடித்த பின் கேட்டால் லட்சக்கணக்கில் கேட்பார்கள்.

மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடும் இடம் எங்கே என்றும் கேளுங்கள். 2022 செப்டம்பரில் செகந்திராபாதில் கீழ்த்தளத்து மின்சார ஸ்கூட்டர்க் கடையில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த விடுதிக்கு ஏறி எட்டுப் பேர் இறந்தார்கள். படுத்திருந்தவர்களுக்குத் தீ தெரிந்திருக்காது, புகைதான் தெரிந்திருக்கும்.

குழாய்க்காரன் | 10 மார்ச் 2024

"சின்னக் கட்டடம்தானே, எரிந்தால் இறங்கி ஓடிவிடலாமே" என்பவருக்கு.

2004 ஜூலை 16, கும்பகோணம். அந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மாடி? சமையல் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்கு ஏறியது. 94 பிள்ளைகள். அதே வருடம் ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாடியில் போட்ட கீற்றுக் கொட்டகை எரிந்து மாப்பிள்ளை உட்படப் பலர் போனார்கள். இரண்டு இடத்துக்கும் ஏணி வண்டி தேவைப்படவில்லை. இன்றைக்கும் நம் ஊரில் பள்ளிக்கூடம் அங்கீகாரம் புதுப்பிக்கக் கட்டட உறுதி, கட்டட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு என்று நான்கு சான்றுகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே, அந்த அலைச்சலுக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இதை எழுதும்போதுதான் என் முதல் பதிவில் இன்னொரு தவறு விட்டிருப்பது தெரிகிறது. 18.30 கணக்கு வீடுகளுக்குச் சரி. பள்ளி, கல்யாண மண்டபம், திரையரங்கு போன்றவற்றுக்கு உயரத்தைக் காட்டித் தப்ப முடியாது. மண்டபங்களுக்கு 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டமே தனியாக இருக்கிறது. உங்கள் கட்டுநர் தரைத்தளத்தில் "சிறிய விழாக்கூடம்" என்று ஏதாவது வரைந்திருந்தால் உரிமம் பற்றியும் சேர்த்தே கேளுங்கள்.

குழாய்க்காரன் | 17 மார்ச் 2024

மேலே ஒரு ஐயா "எதற்கு வம்பு, சான்று வாங்கிய உயரமான கட்டடத்திலேயே வாங்கிவிடலாம். பாதுகாப்பு எழுத்தில் இருக்கும்" என்று முடித்திருக்கிறார். அவருக்குப் பதில் எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். ஊர் பேர் கேட்காதீர்கள்.

2009 வாக்கில் ஒரே மாதத்தில் எங்கள் கையில் மூன்று கட்டடங்கள் ஆய்வுக்கு வந்தன. மூன்றிலும் குழாய் போட்டது நாங்கள்தான். குழாய் நன்றாகத்தான் போட்டோம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தளத்துக்குத் தளம் சிவப்புப் பெட்டியில் வைக்க வேண்டிய துணிக்குழாய்ச் சுருளும் பித்தளை முனையும் வாங்கக் கட்டுநர்கள் பணம் தரவில்லை. "வீடு விற்ற பிறகு பார்க்கலாம்" என்றார்கள். எங்கள் முதலாளி கெட்டிக்காரர். நாற்பது சுருள் வாங்கினார். திங்கட்கிழமை ஒரு கட்டடத்தில் மாட்டினோம், ஆய்வு முடிந்தது. புதன் ராத்திரி சுருட்டி லாரியில் ஏற்றி அடுத்த கட்டடம். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. ஒரே நாற்பது சுருள், மூன்று சான்று. மாட்டியவர்களில் நானும் ஒருவன். சுருளை ஏற்றி இறக்கிய கூலியும் வாங்கினேன்.

மூன்று கட்டடத்திலும் சேர்த்து இருநூறு குடும்பங்களுக்கு மேல் குடியேறின. சிவப்புப் பெட்டிக் கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆகவே ஐயா, சான்று என்பது ஆய்வு நடந்த அந்த ஒரு காலையில் கட்டடம் எப்படி இருந்தது என்பதற்கான சான்று. மதியம் என்ன ஆனது என்று அதில் இருக்காது.

குழாய்க்காரன் | 18 மார்ச் 2024

நேற்றைய பதிவுக்கு நல்ல அர்ச்சனை விழுந்திருக்கிறது. அதில் பாதி எனக்கு உரியதுதான், வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி துறையைப் பற்றியது, "எல்லாரும் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்கள்" என்று. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே வருடக் கடைசியில் நான்காவதாக ஒரு கட்டடம். அதே லாரி, அதே சுருள்கள். வந்த அதிகாரி இரண்டாம் தளத்துப் பெட்டியைத் திறந்தார். சுருளில் நாங்கள் எப்போதோ ஒட்டிய "7-ஆம் தளம்" என்ற சீட்டு அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் பம்ப் அறைக்குப் போனார். "மெயினை அணை. டீசல் பம்பை ஓட்டிக் காட்டு" என்றார். டீசல் பம்பில் பேட்டரி இல்லை. கட்டுநரின் ஜல்லி லாரிக்கு அவசரமாகக் கழற்றிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்துக் கடையில் பேட்டரி வாங்கி வந்து ஓட்டினோம். அவர் அதுவரை வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார். கடைசி ஹைட்ரன்டில், அதாவது துணிக்குழாய் மாட்டும் வாயில், அழுத்தமானியைச் செருகி 3.5 கிலோ அழுத்தம் வருகிறதா என்று அவரே பார்த்தார். வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்.

முதலாளி அன்றைக்கு அவரைத் திட்டிய திட்டு இருக்கிறதே! நாங்களும் கூடச் சேர்ந்து திட்டினோம். இப்போது நினைத்தால், என் 22 வருடத்தில் எங்கள் வேலையை முழுதாகச் சோதித்த மூன்று நான்கு பேரில் அவர் ஒருவர்.

குழாய்க்காரன் | 24 மார்ச் 2024

ஸ்பிரிங்க்ளர், அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு, பற்றிக் கேட்டவருக்கு. சினிமாவில் கதாநாயகன் தீக்குச்சி கிழித்துக் காட்டினால் கட்டடம் முழுக்க மழை கொட்டும். நிஜத்தில் அப்படி நடக்காது. கூரையில் தொங்கும் ஒவ்வொரு தலையிலும் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறது, உள்ளே சிவப்பு திரவம் இருந்தால் 68 டிகிரியில் வெடிக்கும். வெடித்த தலை மட்டும் திறக்கும். பக்கத்து அறையில் இருப்பவர் நனைய மாட்டார். அதனால் "பிரியாணி வாசத்துக்கே தண்ணீர் கொட்டி டி.வி. போய்விடும்" என்று பயந்து ஸ்பிரிங்க்ளர் வால்வை மூடி வைத்திருக்கும் பெருமக்களே, திறந்துவிடுங்கள்.

அதைவிட மோசம், உள் அலங்காரம் செய்ய வருபவர்கள். கூரைக்கு வெள்ளை அடிக்கும்போது தலைக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பெயின்ட் பூசிய குமிழ் 68-இல் வெடிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்தத் தலையைக் கழற்றிப் புதிது போட வேண்டும், சுரண்டக் கூடாது. சிலர் அழகு கெடுகிறது என்று தலையையே பொய்க்கூரைக்கு மேலே விட்டு மூடிவிடுகிறார்கள். பிறகு அது கூரைக்கு மேலே இருக்கும் தூசியைக் காக்கும்.

குழாய்க்காரன் | 14 ஏப்ரல் 2024

புத்தாண்டும் அதுவுமாக மனைப்பிரிவு பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது. கூடுவாஞ்சேரிக்கு அப்பால் 100 மனை கொண்ட பிரிவில் ஒன்று வாங்குகிறாராம். "காலி மனைக்கு என்ன தீ?" என்று அவரே கேட்டுக்கொண்டு அவரே சிரித்திருக்கிறார்.

காலி மனையாக இருக்கும்போதுதான் சாலை போடுகிறார்கள். வரைபடத்தில் சாலை அகலம் எழுதியிருக்கும். அங்கே போய் நாடா பிடித்துப் பாருங்கள். நாளைக்கு இரண்டு பக்கமும் வீடு வந்து, வீட்டுக்கு ஒரு சாய்தளம் சாலைக்குள் இரண்டடி நீண்டு, வாசலில் ஒரு கார் நின்றால் மிச்சம் எவ்வளவு? தீயணைப்பு வண்டி நேராகப் போக மட்டும் இடம் இருந்தால் போதாது, திரும்ப வேண்டும். திரும்ப ஒன்பது மீட்டர் ஆரம் வேண்டும் என்கிறது தேசிய விதித்தொகுப்பு. முட்டுச் சந்தில் வாங்கிய மனைக்கு வண்டி உள்ளே வந்தால் பின்பக்கமாகவே வெளியே போக வேண்டும், அதுவும் கேபிள் கம்பியை இடித்துக்கொண்டு.

அப்புறம் அந்த அலங்கார வளைவு! எல்லா மனைப்பிரிவுக்கும் வாசலில் ராஜகோபுரம் மாதிரி ஒன்று கட்டி, நகரின் பெயரைத் தங்க எழுத்தில் எழுதுகிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் வளைவு கட்டி முடித்து, யானை சிற்பம் வைத்து, திறப்பு விழா நடத்திய பிறகுதான் ஏணி வண்டி அதற்கடியில் நுழையாது என்று கண்டுபிடித்தார்கள். யானையை மட்டும் எடுத்தார்கள். வளைவு இன்னும் இருக்கிறது.

குழாய்க்காரன் | 27 மே 2024

ராஜ்கோட். சனிக்கிழமை மாலை, விடுமுறைக் கூட்டம், விளையாட்டுக் கூடம். தகரக் கொட்டகை, வெல்டிங் பொறி, வெளியேற ஒரே வழி, தீயணைப்புத் தடையின்மைச் சான்று இல்லை. 27 பேர்.

வெல்டிங் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மக்கள் வந்து போய்க்கொண்டிருக்கும் இடத்தில் வேலை நடக்கும்போது வெல்டிங் பிடிப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் வாளித் தண்ணீரோடும் தீயணைப்பானோடும் வெறுமனே நிற்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரமாவது நிற்க வேண்டும், பொறி பஞ்சிலோ மரத்தூளிலோ விழுந்தால் உடனே எரியாது, கனிந்து பிறகு எரியும். அந்த ஆளுக்குக் கூலி கொடுக்க யாருக்கும் மனசு வராது. "சும்மா நிற்பதற்கா?" என்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

வாடகைவீட்டுக்காரன் | 15 ஜூன் 2024

முன்பணம் கொடுத்துவிட்டேன். மீட்டர் பலகையைச் சுற்றுச்சுவர்ப் பக்கம் மாற்றச் சொல்லி எங்களில் ஒன்பது பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். முதலில் முடியாது என்றார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். படிக்கட்டு ஒன்றுதான். அதை மாற்ற வழியில்லை.

குழாய்க்காரன் | 15 ஜூன் 2024

ஒன்பது பேரா! சபாஷ். அந்த ஒன்பது பேரையும் சங்கத்தில் பொறுப்பில் போட்டுவிடுங்கள், ஓடிவிடப் போகிறார்கள். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட விடாதீர்கள். துணி திருட்டு என்பார்கள், காதல் ஜோடி என்பார்கள். கீழே புகை என்றால் மேலேதான் போயாக வேண்டும். உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்கினால் திறக்கும்படி இருக்க வேண்டும், சாவி தேடும்படி இருக்கக் கூடாது.

குழாய்க்காரன் | 23 ஜூன் 2024

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறாயே, நீ இருக்கும் கட்டடம் எப்படி என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

நான் இருப்பது 11 மாடி, 60 வீடு. எல்லாச் சான்றும் உண்டு. இணக்கச் சான்று சங்க அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, பக்கத்தில் பிள்ளையார் படம்.

கீழ்த்தொட்டி பற்றிப் பலருக்குத் தெரியாது. உயரமான கட்டடத்தில் தொட்டிக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். ஒரு பக்கம் தீயணைக்க, மறுபக்கம் வீட்டுக்கு. லாரித் தண்ணீர் முதலில் தீயணைப்புப் பக்கம் விழுந்து, நிரம்பி, சுவருக்கு மேல் வழிந்து வீட்டுப் பக்கம் போகும். அதனால் தீத்தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கும், தேங்கிக் கெடவும் கெடாது. யார் யோசித்தாரோ, நல்ல மூளை.

2019 ஜூன் நினைவிருக்கிறதா? ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தது. லாரிக்குப் பதிவு செய்தால் பத்து நாள், பதினைந்து நாள். எங்கள் வீட்டுப் பக்கத் தொட்டி தரை தட்டிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் 75,000 லிட்டர் தளும்பிக்கொண்டிருந்தது. ராத்திரி அவசரக் கூட்டம். "தீப்பிடிக்குமோ பிடிக்காதோ, தாகம் இப்போது" என்றார் ஒருவர். கைக்குழந்தைகள் இருந்த வீடுகள் ஏழெட்டு. செயலாளர் நான். கையெழுத்துப் போட்டேன். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டாரை இறக்கினோம். நாளுக்கு 25,000, மூன்று நாளில் காலி. அதற்குப் பிறகு நாற்பது நாள் அந்தக் கட்டடத்தில் தீயணைக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. சட்டம் போட்ட சான்று அப்போதும் சுவரில்தான் இருந்தது.

தப்பு என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு மறுபடியும் என்னை உட்கார வைத்தால் வேறு மாதிரி செய்வேனா என்று கேட்டால், 75-இல் 25-ஐ மட்டும் எடுக்கச் சொல்லியிருப்பேன். அதற்கு மேல் என் தைரியம் போகவில்லை.

குழாய்க்காரன் | 24 ஜூன் 2024

விட்டுப் போனது. அந்த மோட்டாரை 2022 வரை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

குழாய்க்காரன் | 14 டிசம்பர் 2024

நேற்று முன்தினம் இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீ. ஆறு பேர். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள் என்று செய்தியில் வருகிறது.

தீப்பிடித்தால் லிப்டில் ஏறக் கூடாது என்று இதுவரை நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, "அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று. தெரியாது போலிருக்கிறது, அல்லது தெரிந்தாலும் அந்த நேரத்தில் கால் பழகிய பக்கம்தான் போகிறது. லிப்ட் குழி எல்லாத் தளத்தையும் இணைக்கும் துளை. மின்கம்பி போகும் ஷாஃப்டும் அப்படியே. பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் 2010 பிப்ரவரியில் மின் ஷாஃப்டில் பிடித்தது, புகை அதன் வழியாகவே மேல்தளங்களுக்குப் போனது, ஒன்பது பேர் இறந்தார்கள். தளத்துக்குத் தளம் அந்தத் துளையைத் தீத்தடுப்புக் கலவையால் அடைக்க வேண்டும். அடைத்திருப்பார்கள். பிறகு இணையக் கம்பி இழுக்க வருபவர் ஒரு கம்பிக்காக ஓட்டை போடுவார், அடைக்க மாட்டார். அடுத்த கம்பெனிக்காரர் பெரிதாக்குவார். உங்கள் தளத்து ஷாஃப்ட் கதவைத் திறந்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள். கீழ்த்தள வெளிச்சம் தெரிந்தால் சங்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.

என் அப்பா 1975-இல் மவுன்ட் ரோடு எல்.ஐ.சி. எரிந்ததைத் தெருவில் நின்று பார்த்தவர். ஊரிலேயே உயரமான கட்டடம் எரிந்தபோது கீழே நின்ற கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதாம். அதற்குப் பிறகு சாகும் வரை அவர் எந்த லிப்டிலும் ஏறவில்லை. நாங்கள் கேலி செய்வோம்.

குழாய்க்காரன் | 26 ஜனவரி 2025

கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, எல்லாரும் கலைவதற்குள் எங்கள் கட்டடத்தில் தீ ஒத்திகை வைத்தோம். எட்டு வருடத்தில் முதல் தடவை. செயலாளர் பதவியை விட்டுப் போவதற்குள் இதையாவது செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

முதலில் தீ எச்சரிக்கைப் பேனலில் மணி அடிக்கவில்லை. போன தீபாவளிக்கு வெடிப்புகைக்கு அடித்துத் தொல்லை கொடுத்தது என்று காவலாளி அணைத்து வைத்திருந்தார். போட்டுவிட்டு மறுபடி அழுத்தினோம், அடித்தது. 60 வீட்டிலிருந்து 23 பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் லிப்டில் இறங்கி வந்தார்கள்! முதலில் கீழே வந்து சேர்ந்தவர் ஒன்பதாம் மாடிப் பாட்டி, 82 வயது. முழங்காலுக்கு நல்லது என்று தினமும் படியில் ஏறி இறங்குபவராம். கடைசி ஆள் வர 14 நிமிடம்.

குழாயில் அழுத்தம் குறைந்தால் தானாக ஓடி ஈடுகட்டும் ஜாக்கி பம்ப் "மேனுவல்"-இல் கிடந்தது. எங்கேயோ குழாய்க் கசிவு, அதனால் அழுத்தம் குறைந்து குறைந்து அது நாள் முழுக்க ஓடுகிறது, கரன்ட் பில் ஏறுகிறது என்று பொருளாளர் அணைக்கச் சொன்னாராம். கசிவை அடைக்க 6,000 ரூபாய் ஆகும் என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். மொட்டை மாடி ஹைட்ரன்டைத் திறந்தோம். முதலில் காற்று, பிறகு தேநீர் நிறத்தில் தண்ணீர், இரண்டு நிமிடம் கழித்துத் தெளிந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "இத்தனை தண்ணீரையும் கொட்டுகிறீர்களே, லாரிக்கு யார் பணம் கொடுப்பது?" என்று அதே பொருளாளர்.

சிவப்புப் பெட்டிகளில் நான்கு பித்தளை முனைகள் காணவில்லை; இரண்டு பெட்டிகளில் துடைப்பம். ஹோஸ் ரீல் என்கிற சின்ன ரப்பர் குழாய்ச் சுருளின் முனைகளில் ஒன்று குறைந்தது, அது மட்டும் மாலையில் அகப்பட்டுவிட்டது. தோட்டக்காரரின் ரப்பர் குழாய் நுனியில் மாட்டியிருந்தது, செம்பருத்திக்கு நன்றாகப் பீய்ச்சி அடிக்கிறதாம்.